பருத்திக் காட்டில் டெரிகாட்டன்

பெரம்பலூர் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையின் படியில் நின்றுகொண்டு, சீருடைத் துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தியாக இருந்தால் காகிதம் எரியும் வாடையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். இது சுருண்டது, உருகியது, நுனியில் கடுகளவுக்குக் கறுப்பு மணியாக இறுகி நின்றது. கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "இதுக்கு எதுக்கு சார் தீப்பெட்டி? கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. யூனிஃபார்ம் துணி முழுக் காட்டன்ல வர்றதே இல்ல. வந்தாலும் யாரும் வாங்க மாட்டாங்க" என்றார்.

அந்தக் கடையிலிருந்து ஆத்தூர் சாலையில் அரைமணி நேரம் பேருந்தில் போனால் வேப்பந்தட்டை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. சாலையின் இருபுறமும் கரிசல். ஆவணியில் விதைத்தால் தை, மாசியில் காடு வெளுத்துக் கிடக்கும். தமிழகத்தில் பருத்தி மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் ஒன்று பெரம்பலூர். நான் அந்தக் காட்டில்தான் வளர்ந்தேன். பள்ளி விட்டு வந்ததும் மடியைக் கட்டிக்கொண்டு பருத்தி எடுக்கப் போவது எங்கள் வீட்டில் வீட்டுப்பாடத்துக்கு முந்தைய கடமை. அப்படிப்பட்ட ஊரில், மூன்றாம் வகுப்புக்குப் போகும் என் மகளுக்கு ஒரு பருத்திச் சீருடை கிடைக்கவில்லை.

அவளுக்குக் கரப்பான். மருத்துவர் எழுதிக்கொடுத்த பெயர் அட்டோபிக் டெர்மடைட்டிஸ். முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் கழுத்துப்பட்டை உரசும் இடத்திலும் தோல் தடித்துச் சிவந்து, இரவெல்லாம் சொறிந்து காலையில் படுக்கை விரிப்பில் புள்ளிப் புள்ளியாய் இரத்தம் இருக்கும். கோடை விடுமுறையில் வீட்டிலே பழைய பருத்திப் பாவாடையோடு இருக்கும்போது ஏறக்குறைய ஆறிவிடுகிறது. ஜூனில் பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில் திரும்பி வருகிறது. மூன்று ஆண்டுகள் இப்படி நடந்த பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. கல்லூரியில் இலக்கணம் நடத்துகிறவனுக்குக் காரண காரிய உறவு புரிய இத்தனை காலம்.

மருத்துவர் சொன்னதில் மாயம் ஒன்றுமில்லை. துணியே நோயை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே தடுப்பரண் பலவீனமாக உள்ள தோலைத் துணி தூண்டிவிடுகிறது. பருத்தி இழை சாதாரண ஈரப்பதத்தில் தன் எடையில் எட்டரை விழுக்காட்டளவு நீரை உள்வாங்கி வைத்திருக்கும். பாலியஸ்டர் இழை அரை விழுக்காடுகூட வாங்காது. நம் ஊர் வெயிலில், மின்விசிறி சுழல்வதும் சுழலாததும் ஒன்றேயான வகுப்பறையில், வியர்வை தோலுக்கும் துணிக்கும் நடுவே நின்றுவிடுகிறது. வியர்வையின் உப்பு, துணியின் உரசல், அதன்மேல் நகம். பாலியஸ்டருக்கு ஏற்றும் டிஸ்பர்ஸ் வகைச் சாயங்களில் சில, குறிப்பாக நீலச் சாயங்கள், துணியிலிருந்து தோலுக்கு இடம்பெயர்ந்து ஒவ்வாமை தருபவை என்பதும் தோல் மருத்துவத்தில் நெடுங்காலமாக அறிந்த செய்தி. சீருடைகளில் நீலம் எவ்வளவு புழங்குகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு உறுத்திய கேள்வி வேறு. பருத்தி விளையும் மண்ணில் பருத்தியே கிடைக்காமல் போனது எப்படி? இதற்கு ஒரு வரலாறு இருக்கத்தானே வேண்டும். தேடத் தொடங்கியபோது அது துணியின் வரலாறாக மட்டும் இருக்கவில்லை.

தமிழில் 'நூல்' என்ற ஒரே சொல் இழையையும் புத்தகத்தையும் குறிக்கிறது. நன்னூலின் பாயிரம் நூலியற்றுவதை நூல் நூற்பதோடு ஒப்பிட்டு விளக்குகிறது. புறநானூற்றில் பருத்தி நூற்கும் பெண்கள் வருகிறார்கள். மாணவர்களுக்கு இதை ஆண்டுதோறும் நடத்துகிறேன். அவர்களும் ஆண்டுதோறும் குறித்துக்கொள்கிறார்கள். ஆனால் நூலும் நூலும் உண்மையிலேயே ஒரே அறையில் இருந்த காலம் ஒன்று அண்மையில்தான் இருந்தது. 1937இல் வார்தாவில் காந்தி கூட்டிய கல்வி மாநாட்டைத் தொடர்ந்து ஜாகிர் உசேன் குழு வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்தில் நூற்பு ஒரு பாடம். சுதந்திரத்துக்குப் பின் சென்னை மாநிலத்தில் நடந்த ஆதாரப் பள்ளிகளில் பிள்ளைகள் தக்ளி சுற்றினார்கள். என் தந்தை தலைமுறையில் பலருக்கு அந்த நினைவு உண்டு. சிலேட்டுப் பலகை, பல்பம், தக்ளி, கொஞ்சம் பஞ்சு. இழை அறுந்தால் வாத்தியார் காதைத் திருகுவாராம். அந்த நூல் யாருக்கும் சட்டையாகியிருக்குமா என்று கேட்டேன். அப்பா சிரித்தார். "அது நாலு முழக் கயிறுக்கே காணாது" என்றார்.

நூற்பு வகுப்பு மறைந்ததற்கு யாரும் அழவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநேரப் பள்ளித் திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, காமராசர் ஆட்சிக்கு வந்ததும் 1954இல் கைவிடப்பட்டது. ஆதாரக் கல்வி அதனின்று வேறானது. ஆனாலும் பள்ளிக்குள் கைத்தொழில் என்றாலே ஐயத்தோடு பார்க்கும் மனநிலை நம் மண்ணில் உருவானது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அந்த ஐயம் நியாயமானதும்கூட. தன் பிள்ளை கையில் தறியையும் ஏரையும் அல்ல, புத்தகத்தைப் பார்க்க விரும்பிய ஒரு தலைமுறை அது. பள்ளியிலிருந்து பஞ்சு வெளியேறியது அவர்களுக்கு விடுதலையாகவே தெரிந்திருக்கும்.

பஞ்சு வெளியேறிய கதவு வழியாகத்தான் சீருடை உள்ளே வந்தது. உலகில் பள்ளிச் சீருடை தர்மப் பள்ளிகளில் பிறந்தது. 1552இல் இலண்டனில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் பள்ளியின் நீல அங்கி பெரும்பாலும் முதல் சான்றாகக் காட்டப்படுகிறது. அது ஏழையை அடையாளம் காட்டிய உடை. நம்மிடம் வந்தபோது நோக்கம் நேரெதிராகத் திரும்பியது: ஏழையை அடையாளம் காட்டாமலிருக்கச் சீருடை. காமராசர் காலத்தில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் தத்தம் பள்ளிக்கு மணி, கரும்பலகை, நாற்காலி என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குச் சீருடையும் வந்தது. பண்ணையார் வீட்டுப் பையனும் பண்ணையாள் வீட்டுப் பையனும் ஒரே நிறச் சட்டையில் ஒரே பெஞ்சில் அமர்வது அன்றைக்குச் சாதாரணக் காட்சியாக இருந்திருக்காது. சீருடையைக் கேலி செய்யும் நண்பர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அப்போதைய சீருடை பருத்திதான், வேறு வழியில்லை என்பதால். வேறு வழி வேறொரு நாட்டில் ஏற்கெனவே பிறந்திருந்தது. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் பாலியஸ்டர் இழையை உருவாக்கினார்கள். பிறகு ஐ.சி.ஐ. நிறுவனம் அதற்கு டெரிலின் என்று பெயரிட்டது. அவ்விருவரும் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் 'காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன்'. காலிகோ என்பது கோழிக்கோட்டிலிருந்து கப்பலேறிய நம் பருத்தித் துணிக்கு ஐரோப்பியர் வைத்த பெயர். நம் பருத்தியின் பெயரைத் தாங்கிய கூடத்தில்தான் பருத்தியை விரட்டிய இழை பிறந்தது. வரலாறு சில சமயம் மேடை நாடகக்காரர்களைப் போல மிகைப்படுத்துகிறது.

1960களின் நடுவில் பம்பாயை ஒட்டிய தானேயில் 'டெரீன்' என்ற பெயரில் அந்த இழை இந்தியாவிலேயே தயாரிக்கப்பட்டது. டெரிலின் சட்டை நம் ஊர்களில் எத்தகைய மதிப்போடு இருந்தது என்பதை மூத்தவர்கள் அறிவர். சிங்கப்பூர்க்காரர் கொண்டுவரும் பொருள், மாப்பிள்ளை கேட்கும் சீர். என் தந்தையின் திருமணச் சட்டை டெரிலின்தான். இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, ஓர் இழை நையாமல். பருத்தி விற்ற பணத்தில் வாங்கிய சட்டை அது.

இனி 1985. அந்த ஓராண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்றுக்கொன்று தெரியாமல் நடந்தன என்றே தோன்றுகிறது. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு, 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் உண்ணும் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சீருடை வழங்கத் தொடங்கியது. தில்லியில் ராஜீவ் காந்தி அரசு, ஜூன் மாதத்தில் புதிய ஜவுளிக் கொள்கையை அறிவித்தது. பருத்திக்கும் செயற்கை இழைக்கும் இடையே ஆலைகள் விருப்பம்போல மாறிக்கொள்ளலாம். செயற்கை இழை இனி பணக்காரர் பண்டமாக வரி சுமக்க வேண்டியதில்லை. அதுவரை மாப்பிள்ளைச் சட்டையாக இருந்த பொருள், அடுத்த பத்தாண்டுகளில் பருத்தியைவிட மலிவாகப் பள்ளிப் பையனின் முதுகுக்கு வந்து சேர்ந்தது. மாநிலம் இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தில் துணி வேண்டும் என்றது. நாடு மலிவாய், சாயம் போகாத, சுருங்காத ஓர் இழையை நீட்டியது.

நெசவாளருக்கு வேலை தருவதும் அந்தச் சீருடைத் திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று என்பதைச் சொல்ல வேண்டும். துணி கூட்டுறவுச் சங்கங்களில் நெய்யப்பட்டது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைக்கப்பட்டது. காலப்போக்கில் கைத்தறியின் இடத்தை விசைத்தறி பிடித்தது, பருத்தி நூலோடு பாலியஸ்டர் கலந்தது. 2012-13 கல்வியாண்டு முதல் ஆண்டுக்கு நான்கு இணை. நான்கு இணைச் சீருடை ஒரு கூலித்தொழிலாளி வீட்டில் எவ்வளவு பெரிய பொருள் என்பது, ஒற்றைச் சட்டையை இரவில் துவைத்து, அடுப்பு மேட்டில் காயவைத்து, காலையில் ஈரத்தோடு போட்டுப் போனவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.

என் முதல் சீருடை சத்துணவுச் சீருடைதான். முரட்டுத் துணி. ஒரே துவைப்பில் கால்சட்டை இரண்டு விரற்கடை ஏறிக்கொண்டது, சட்டையின் நிறம் வாளியில் பாதி இறங்கியது. ஐந்தாம் வகுப்பில் டெரிகாட்டன் சட்டை வந்தபோது மகிழ்ந்தவர் அம்மா. துவைத்து உதறினால் அரைமணியில் காய்ந்தது. பெட்டி போட வேண்டாம். பெட்டியும் எங்களிடம் இல்லை. என்னிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து சித்தப்பா மகனுக்கு என்று மூன்று முதுகுகளைக் கடந்தது அந்தச் சட்டை. ஆகவே, பாலியஸ்டரைக் கார்ப்பரேட் சதி என்று எழுதும் கட்டுரைகளை என்னால் முழுமனதோடு படிக்க முடிவதில்லை. கிணற்றடியில் துணி அடித்த பெண்களின் தோள்வலியைக் குறைத்ததில் அந்த இழைக்கும் பங்குண்டு. விலையைத் தோல் கொடுக்கும் என்பது அன்றைக்குத் தெரியவில்லை. எங்கள் வகுப்பில் கழுத்தெல்லாம் கரப்பானோடு ஒரு பையன் இருந்தான். 'சொறியன்' என்று கூப்பிட்டோம், நானும்தான். அவன் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. சட்டையும் அதற்குக் காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று இப்போதுதான் நினைக்கிறேன்.

தேடலுக்கு வருகிறேன். மகள் படிக்கும் தனியார் பள்ளியின் சீருடை, வெள்ளைச் சட்டையும் நீலக் கட்டம் போட்ட பினஃபோரும். கட்டத்துணியைப் பள்ளியே விற்கிறது. விவரச்சீட்டில் 67 விழுக்காடு பாலியஸ்டர் என்றிருந்தது. அதே கட்டம் பருத்தியில் வேண்டுமென்றால் நெய்யத்தான் வேண்டும். நம்மிடம் நெசவாளர்களுக்குப் பஞ்சமா என்று அரியலூர் மாவட்டத்துக்கு வண்டியேறினேன். ஒரு காலத்தில் ஒரே மாவட்டமாக இருந்தோம். 2001இல் பிரிந்து, 2002இல் சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்தோம். பெரம்பலூரில் பருத்தி, ஜெயங்கொண்டம் பக்கத்தில் தறி என்று மண் ஏற்கெனவே வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தது.

ஆனால் அந்தத் தறிகளில் ஓடுவது பட்டு. வாரியங்காவலில் ஒரு பெரியவரின் குழித்தறியருகே உட்கார்ந்து மகளின் கட்டத்துணியைக் காட்டினேன். விரலால் தடவினார், வெளிச்சத்தில் பிடித்தார். "நெய்யலாம் தம்பி. நூல் வாங்கி, சாயம் ஏத்தி, பாவு ஓட்டி, அச்சு மாத்தி, எல்லாம் செய்யலாம். உங்களுக்கு எத்தனை மீட்டர் வேணும்?" என்றார். ஆறு மீட்டர் என்றேன். சிரிக்காமலிருக்க அவர் எடுத்துக்கொண்ட முயற்சியை நான் மதிக்கிறேன். ஆறு மீட்டருக்குப் பாவு பூட்டுவது, ஒரு சொல்லுக்கு அகராதி தொகுப்பது போல. "அறுபது பிள்ளைங்களைச் சேர்த்துக்கிட்டு வாங்க" என்றார். பருத்திக் காட்டுக்கும் தறிக்கும் இடையே உள்ள தூரம் எனக்கு அங்கே விளங்கியது. எங்கள் ஊர்ப் பஞ்சு லாரி ஏறி வெளியூர் ஜின்னிங் ஆலைக்கும் நூற்பாலைக்கும் போகிறது. அது என்றைக்காவது துணியாகி எங்கள் ஊருக்குத் திரும்பினால், அது எங்கள் பஞ்சு என்று அறிய வழியில்லை.

பெரியவர் சொன்ன அறுபது என்ற எண் என்னோடே வந்தது. தனியொருவனுக்கு இயலாதது கூட்டாக இயலும் என்பதற்கு அண்டை மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. கேரள அரசு 2017 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தறிச் சீருடை வழங்கத் தொடங்கியது. சென்னையில் 'துலா' அமைப்பினர் மானாவாரி நாட்டுப் பருத்தியைக் கையால் நூற்று, கையால் நெய்து, இயற்கைச் சாயமேற்றி ஆடையாக்குகிறார்கள். நல்ல காரியம். ஒரு சட்டை வாங்கினேன், எனக்கு. ஆண்டுக்கு இரண்டு அளவு வளரும் குழந்தைக்கு அந்த விலையில் வாங்க விரிவுரையாளர் சம்பளம் இடம் தரவில்லை.

பருத்தி என்று எழுதியிருந்தாலே போதும் என்று நம்புவதற்கும் இல்லை. 2022இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கப்பட்ட குழந்தைகள் பொருட்களை ஆராய்ந்தவர்கள், கறை படியாத பள்ளிச் சீருடைகளில் பி.எஃப்.ஏ.எஸ். என்ற அழியா வேதிப்பொருட்களைக் கண்டார்கள். அளவு மிகுந்திருந்தது நூறு விழுக்காடு பருத்தி என்று சீட்டு ஒட்டிய சீருடைகளில். சுருக்கம் விழாத பருத்திக்குப் பூசும் பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளிப்படுவதும் பழைய செய்தி. பாலியஸ்டரைப் போல நடந்துகொள்ளும்படி பருத்தியைக் கட்டாயப்படுத்தினால் இப்படித்தான் ஆகும். கசங்காத, கறைபடாத பருத்தி வேண்டாம், கசங்குகிற பருத்தி போதும் என்று முடிவு செய்தேன்.

வெள்ளைச் சட்டை எளிதாகவே முடிந்தது. திருச்சியில் ஒரு கதர்க்கடையில் பாப்ளின் எடுத்தேன். மூன்று முறை வெறும் நீரில் அலசிக் கஞ்சியைப் போக்கியாயிற்று. வெள்ளை என்றால் கொஞ்சம் பழுப்பு கலந்த வெள்ளை. அதற்காகத் தலைமையாசிரியையைப் பார்க்க நேர்ந்தது. மருத்துவர் கடிதத்தை இருமுறை படித்துவிட்டு, "ஒருத்திக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க சார்" என்றார். சீருடையில் உள்ள சீர், யாப்பில் உள்ள சீரும்தான். ஆசிரியப்பாவில் பிற சீர்கள் கலந்து வந்தாலும் பா கெடுவதில்லை, வெண்பாதான் விடாது. அம்மையார் வெண்பா. நான் இதை அவரிடம் சொல்லவில்லை. இறுதியில் சட்டைக்கு இசைந்தார். பினஃபோர் அதே கட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்றார்.

அதையே வீட்டில் இன்னொருத்தியும் சொன்னாள். "எனக்கு மட்டும் வேற துணி வேண்டாம்ப்பா. எல்லாரும் ஏன்னு கேப்பாங்க" என்றாள் மகள். பினஃபோரை விட்டுப் பருத்திப் பாவாடை போட அனுமதி கேட்கலாம் என்றிருந்த என் திட்டம் அங்கே முடிந்தது. பணத்தின் வேறுபாடு தெரியக்கூடாது என்று பெரியவர்கள் ஏற்படுத்திய உடைக்குள், தன் தோலின் வேறுபாடு தெரியக்கூடாது என்று ஒளிந்துகொள்ளப் பார்க்கிறாள் எட்டு வயதுப் பெண். அவளோடு வாதிட என்னிடம் ஒன்றுமில்லை. 'சொறியன்' என்று கூப்பிட்ட வாய் இது.

வழி சொன்னவர் எங்கள் தெருவில் தைக்கும் அக்கா. கட்டத்துணி வெளியே இருக்கட்டும். தோலில் படும் இடமெல்லாம் உள்ளே மல்துணி வைத்துத் தைப்போம் என்றார். கழுத்து, கைத்துளை, இடுப்பு. தையல் விளிம்புகள் தோலைப் பார்க்காமல் இரு துணிகளுக்கும் நடுவே மடங்கிவிடும்படி தைத்தார். விவரச்சீட்டை வேரோடு பிரித்தெடுத்தார். கழுத்துப்பட்டையில் விறைப்புக்கு வைக்கும் கேன்வாசைத் தவிர்த்தார். புதுத்துணியைப் பலமுறை அலசிய பிறகே போட வேண்டும், சோப்பு நிற்கக் கூடாது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார். கூலி நூற்றைம்பது ரூபாய் கூடுதல்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சட்டை மட்டும் மாலையில் கசங்கிப்போய், கரிசல் காட்டில் காற்றடித்த பருத்தி போல இருக்கும். கழுத்தில் தடிப்பு ஆவணிக்குள் அடங்கியது. முழங்கால் மடிப்பில் இன்னும் இருக்கிறது, அதற்குக் களிம்பு.

சென்ற வாரம் மீதி மல்துணியை வாங்கி வர அக்காவிடம் போயிருந்தேன். இரண்டு மீட்டர் இருந்திருக்க வேண்டும், இல்லை. அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பையனின் தாய் ஒருவர், என் மகளின் பினஃபோர் மேசையில் கிடந்ததைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுநாளே நான்கு இணையையும் கொண்டுவந்து போட்டாராம். "உங்களைக் கேக்காம எடுத்துட்டேன் சார்" என்றார் அக்கா, எந்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல்.